அறுபது இலக்கமும் ஒரு மீட்டரும்

2024 நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் எதிர்வீட்டு ஆயா கையில் ஒரு துண்டுச்சீட்டோடு வந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தும் தமிழை விடாமல் வைத்திருக்கும் சிலரில் ஒருவர்.

“தம்பி, கரண்டுக்கு எப்பவும் ஒரு வரி நம்பர்தான் வரும். இன்னைக்கு மூணு வரி வந்திருக்கு. கடைப்பொண்ணு தப்பா அடிச்சிட்டாளா?”

தப்பில்லை. அந்த ஆண்டுவாக்கில் தென்னாப்பிரிக்கா முழுக்க ப்ரீபெய்ட் மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒருமுறை இப்படி வந்தது. வரிக்கு இருபது இலக்கம், மூன்று வரி, ஆக அறுபது. நான் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆயாதான் அமுக்கினார். திரை அவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரியும். இரண்டாம் வரியில் ஓர் இலக்கம் பிசகியது. மீட்டர் ஏற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து: “ஒண்ணு… ஏழு… ஏழு… சைபர்…” மூன்றாவது வரி முடிந்ததும் வாங்கிய யூனிட் திரையில் ஏறியது. “இதுக்குள்ள என்னதான்பா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ போடப் போய்விட்டார்.

உள்ளே இருப்பது ஒரு கணினி. அதைக் கணினி என்று யாரும் நினைப்பதில்லை. மார்க் வைசர் எதிர்பார்த்ததும் இதைத்தான். கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர் அவர். எங்கும் நிறைந்த கணிமை என்ற கருத்தை 1988 வாக்கில் முன்வைத்தார். 1991இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அதை விரிவாக எழுதினார். மேசைமேல் ஒரு பெட்டி, அதன்முன் ஒரு மனிதன் என்ற நிலை போய்விடும். உள்ளங்கையளவில், தாளளவில், பலகையளவில் கணினிகள் அறையெங்கும் பரவிக் கிடக்கும். நாம் அவற்றைக் கவனிப்பதையே விட்டுவிடுவோம். அவர் சொன்னதன் சாரம் இதுதான். தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. பிரகலாதனாவது கூப்பிட்டதும் தூணைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். இங்கே கூப்பிட்டால் யாராவது வருவார்களா என்பதுதான் என் சந்தேகம். அதற்குள் போகுமுன், அந்த மூன்று வரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் மீட்டர்கள் இந்நாட்டில் 1990களில் பெரிய அளவில் வந்தன. அதுவரை மின்சாரமே இல்லாதிருந்த கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கு அப்போதுதான் கம்பி இழுத்தார்கள். மாதாமாதம் கணக்கெடுக்க ஆள் அனுப்பி, பில் போட்டு, பாக்கி வசூலிப்பது நடக்காத காரியம் என்று தோன்றியது. முன்பணம் கட்டினால் மின்சாரம், தீர்ந்தால் இருட்டு என்று வைத்துவிட்டால் வேலை மிச்சம். அதற்காக இங்கே உருவான குறியீட்டு முறைதான் எஸ்டிஎஸ். பிறகு அது உலகத்தரமாக ஏற்கப்பட்டு, இன்று பல நாடுகளில் கோடிக்கணக்கான மீட்டர்களில் ஓடுகிறது.

இதன் சாமர்த்தியம் என்னவென்றால், மீட்டருக்கு எந்தத் தகவல் இணைப்பும் தேவையில்லை. கடையில் அச்சாகும் இருபது இலக்கம் பூட்டிய கடிதம் மாதிரி. எத்தனை யூனிட், எந்த நிமிடத்தில் தயாரானது என்ற விவரங்கள் அதற்குள் மறைகுறியாக்கப்பட்டு இருக்கும். அதைத் திறக்கும் சாவி மற்ற வீட்டு மீட்டர்களில் இருக்காது, உங்கள் மீட்டருக்குள்தான் இருக்கும். பக்கத்து வீட்டு மீட்டரில் அதே எண்ணை அடித்தால் வேலைக்காகாது. ஒரே எண்ணை இரண்டு தரம் அடித்து ஏமாற்றவும் முடியாது, பயன்படுத்தியவற்றை மீட்டர் நினைவில் வைத்திருக்கும்.

சிக்கல் அந்த நிமிடக் கணக்கில் இருந்தது. 1993 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது என்பதை 24 பிட்டுக்குள், அதாவது 24 இரும இலக்கத்துக்குள் எழுதுவதாக அன்றைக்கு ஏற்பாடு. 24 பிட்டுக்குள் 1,67,77,216 நிமிடம்தான் அடங்கும். கிட்டத்தட்ட 32 ஆண்டு. கெடு 2024 நவம்பர் 24ஆம் தேதி இரவோடு முடிந்தது. அதற்குமேல் எண் மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் சாவியை மாற்றி, பழைய நினைவைத் துடைத்தாக வேண்டும். ஆயாவின் சீட்டில் முதல் இரண்டு வரி சாவி மாற்றத்துக்கு. மூன்றாவதுதான் அவர் காசு கொடுத்த மின்சாரம். மீட்டருக்கு இணைப்பு கிடையாதே, எனவே நாடு முழுக்க இந்த வேலையைச் செய்தது இப்படிப்பட்ட விரல்கள்தாம். கெடு முடிந்தபோதும் பல லட்சம் மீட்டர்கள் மாறாமல் கிடந்தன. 1990களில் யாரோ எடுத்த ஒரு சின்ன முடிவு முப்பது வருடம் கழித்துக் கிழவியின் சமையலறைக்கு வந்து நின்றது. இந்த மாதிரிக் கணினிகளின் ஆயுள் அப்படி. போனை மூன்று வருடத்தில் மாற்றிவிடுவோம், சுவரில் பதித்ததை யார் மாற்றுகிறார்கள்?

சரி, இதனால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. ஆயாவையே கேளுங்கள், ப்ரீபெய்ட் வந்த பிறகு மாதக்கடைசியில் பெரிய பில் என்ற பயம் போயிற்று என்பார். வண்டிக்குள் ஒளித்துவைத்த டிராக்கரால் திருட்டுப்போன கார் அதே நாளில் கிடைத்த கதை இங்கே தெருவுக்கு ஒன்று உண்டு. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல், வருடத்தில் முந்நூறு நாளுக்குமேல் வெட்டு. அப்போது வெட்டு நேரத்தைச் சொல்லும் எஸ்காம் சே புஷ் என்ற செயலியைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் அரிசி களைய மாட்டார்கள். கீசருக்கு ஒரு டைமர் மாட்டினாலே மின்செலவு குறைவது கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் சாட்ஸ்வொர்த்துக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின்படி டர்பனின் பல பகுதிகளிலிருந்து இந்தியர்களைப் பெயர்த்து, 1960களில் கொண்டுவந்து இறக்கிய இடம் இது. 1990களின் கடைசியில் வேலை போன குடும்பங்கள் வாடகையும் தண்ணீர்க் கட்டணமும் கட்ட முடியாமல் தவித்தபோது, நகராட்சி ஆட்கள் துண்டிக்க வந்தார்கள், வீட்டைக் காலிசெய்ய வந்தார்கள். சமூகப் போராளி பாத்திமா மீர் போன்றவர்கள் இங்கே வந்து மக்களோடு நின்றார்கள். பெண்கள் மாடிப்படிகளில் உட்கார்ந்து வழிமறித்தார்கள். தமிழ்ப் பாட்டியும் ஜூலுப் பெண்ணும் ஒரே படியில். அது பலித்த நாளும் உண்டு, பலிக்காமல் கண்ணீர்ப்புகை வாங்கிய நாளும் உண்டு. எப்படியும் எதிரில் ஓர் ஆள் இருந்தார். அவரிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், “உன் அம்மாவா இருந்தா செய்வியா?” என்று கேட்கலாம்.

மீட்டர் தானாக அணைத்துக்கொள்ளும்போது படியில் உட்கார்ந்து யாரை மறிப்பது?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோவில் பிரி என்ற பகுதியில் தண்ணீருக்கு ப்ரீபெய்ட் மீட்டர் வைத்தார்கள். வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அது தீர்ந்தால் காசு போடும்வரை குழாய் தானாக மூடிக்கொள்ளும். முன்னறிவிப்பு இல்லாமல், எங்கள் தரப்பைக் கேட்காமல் தண்ணீரை நிறுத்துவது சட்டப்படி சரியா என்று அங்குள்ள மக்கள் வழக்குப் போட்டார்கள். மசிபுக்கோ வழக்கு என்று பெயர். கீழ் நீதிமன்றங்களில் மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் நகராட்சி பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. மீட்டர் மூடிக்கொள்வது துண்டிப்பு ஆகாது, தாற்காலிக நிறுத்தம்தான் என்பது அது ஏற்ற வாதங்களில் ஒன்று. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் குழாயடியில் குடத்தோடு நிற்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து வரப்போவது ஸ்மார்ட் மீட்டர். நாட்டின் மின்சார நிறுவனமான எஸ்காமும் நகராட்சிகளும் அதற்கு மாறும் வேலையைத் தொடங்கிவிட்டன. பழைய மீட்டர் ஒரு செவிட்டு ஊமை. நீங்கள் எப்போது சீட்டு வாங்கினீர்கள் என்பது மட்டும் கடைக்காரரின் கணக்கில் இருக்கும், வீட்டுக்குள் நடந்தது எதுவும் வெளியே போகாது. புதியது பேசும், கேட்கவும் செய்யும். அரைமணிக்கு ஒருமுறை அளவை அனுப்பினால் போதும், வீட்டின் ஒழுங்கு முழுக்கத் தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கீசர் எப்போது சூடானது, காவடிக்குப் போன அன்று வீடு எத்தனை நேரம் காலியாகக் கிடந்தது, எல்லாம். 2023இல் ஜோகன்னஸ்பர்க் ஃபோர்வேஸ் பகுதியில் எஸ்காம் ஒரு சோதனை செய்தது. பற்றாக்குறை நேரத்தில் மொத்தமாக வெட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு வீட்டின் மின்னளவையும் தூரத்திலிருந்தே குறைத்துவைப்பது. விளக்கு எரியும், டிவி ஓடும், அடுப்பும் கீசரும் ஓடாது. முழு இருட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தெருவுக்கே வெட்டு என்றால் தெருவே சேர்ந்து கத்தும். என் வீட்டுக்கு மட்டும் என்றால்?

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். எங்கும் கணினி என்றால் எங்கும் பூட்டு, எங்கும் பூட்டு என்றால் எங்கும் கள்ளச்சாவி. 2019 ஜூலை 25ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கின் மின்விநியோக நிறுவனமான சிட்டி பவரின் கணினிகளை, பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ஒரு ரான்சம்வேர் நிரல் முடக்கியது. பலருக்குச் சம்பளம் வரும் நேரம் அது. காசு கையில் இருந்தும் பலரால் யூனிட் வாங்க முடியவில்லை. மின்நிலையம் நன்றாக இருந்தது, கம்பி நன்றாக இருந்தது, மீட்டர் நன்றாக இருந்தது. இருபது இலக்கம் தயாரிக்கும் இடம் மட்டும் பூட்டிக் கிடந்தது. 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகளுக்கு அதே கதி. டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை தடைப்பட்டு, லாரிகள் வரிசையாக நின்றன. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவில் அதிகம், அந்த வாரம் அவர்களுக்குக் கூலி இல்லை. அப்புறம், எஸ்காமின் சீட்டு விற்பனை அமைப்புக்குள்ளேயே ஆட்கள் புகுந்து கள்ளச்சீட்டு தயாரித்தார்கள் என்பதை 2024 டிசம்பரில் எஸ்காமே ஒப்புக்கொண்டது. மறைகுறி எத்தனை உறுதியாக இருந்தால் என்ன, அச்சகத்துக்குள்ளேயே கள்ளன் இருந்தால் வரும் நோட்டு நல்ல நோட்டுதானே.

இத்தனை பெரிய அறிவெல்லாம் தேவைப்படாத திருட்டும் உண்டு. கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு ரிமோட்டை அமுக்கிக்கொண்டே நடப்போம். நாலு வண்டி தள்ளி நிற்பவன் தன் சட்டைப்பைக்குள் ஒரு கேட் ரிமோட்டை அழுத்திப் பிடித்திருப்பான். இரண்டு அலையும் மோதிக்கொள்ள, நம் கார் பூட்டாது. டர்பன்காரர்கள் ரிமோட்டை அமுக்கிய பிறகும் கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்ப்பது இதனால்தான். ஊரிலிருந்து வந்த என் மச்சான் இதைப் பார்த்துச் சிரித்தார், இரண்டாம் வாரம் லேப்டாப்பைப் பறிகொடுத்தார். கேமராக்களின் கதை இன்னும் மோசம். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத லட்சக்கணக்கான வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாக்கி, அமெரிக்காவில் பெரிய தளங்களையே சில மணிநேரம் முடக்கியது. கேமரா வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் கேமரா வைப்பது பெரும்பாலும் அரசாங்கம் அல்ல. இங்கே போலீஸ்காரர்களைவிடத் தனியார் காவலர்கள் பல மடங்கு அதிகம். ஜோகன்னஸ்பர்க்கில் வூமாகேம் என்ற தனியார் நிறுவனம் ஆயிரக்கணக்கான கேமராக்களைத் தெருக்கம்பங்களில் நட்டிருக்கிறது. ஓடும் வண்டியின் நம்பர் பிளேட்டை அவை படித்துவிடும். குற்றத்துக்குப் பயந்த மக்கள் விரும்பித்தான் சந்தா கட்டுகிறார்கள், நானும் என் தெருக் கேமராவுக்கு மாதாமாதம் கட்டுபவன்தான். ஆனால் 2021 ஜூலையை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. கலவரத்தின்போது டர்பன் வடக்கில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் தெருமுனைகளில் தடுப்பு போட்டார்கள். அவர்கள் பயம் பொய்யல்ல, போலீஸ் வரவில்லை, கடைகள் எரிந்தன. வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோவும் வதந்தியும் கலந்து நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருந்தன. அந்த நாட்களில் அப்பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எல்லாப் பழியையும் போன்மேல் போடுவது நேர்மையல்ல, கையில் ஆயுதம் எடுத்தது மனிதர்கள். ஆனால் ‘சந்தேகத்துக்குரிய நபர்’ என்று ஒரு படத்தோடு குழுவில் செய்தி வரும்போது அந்த நபர் எந்த நிறத்தில் இருப்பார் என்று இங்கே எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்று. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நாலில் ஆணா பெண்ணா என்பது தெரியும். நிறவெறி ஆட்சிக் காலத்தில் இன்ன இனம் என்பதற்கும் அதில் ஒரு குறி இருந்தது. 1980களின் பிற்பகுதியில் அதை எடுத்துவிட்டார்கள். நல்லது. இப்போது அந்தக் குறி இல்லாமலே காரியம் நடக்கும். எங்கள் பக்கம் புரட்டாசி விரதம் பலமானது, மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும்போது தள்ளுபடிக்காக அட்டையை நீட்டுகிறோம் அல்லவா? வருடா வருடம் செப்டம்பர் நடுவில் கோழியும் ஆட்டுக்கறியும் நின்று, கற்பூரமும் தேங்காயும் ஏறி, ஒரு மாதத்தில் மறுபடி கறி திரும்பும் கணக்கைப் பார்த்தால், இது யார் வீடு, என்ன மொழி, என்ன சாமி என்று இயந்திரத்துக்குச் சொல்லவே வேண்டாம். 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல் அடையாளம் போன்றவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. தேங்காய்க்கு என்ன பாதுகாப்பு தருவது?

அந்தச் சட்டம் பல்லில்லாதது என்று சொல்லமாட்டேன். 2023 ஜூலையில் அதன்கீழ் முதன்முதலாக அபராதம் விதித்தார்கள், 50 லட்சம் ராண்ட். யாருக்குத் தெரியுமா? அரசின் நீதி அமைச்சகத்துக்கு. 2021இல் அவர்கள் கணினிகள் தாக்கப்பட்டபின், பாதுகாப்பு மென்பொருளின் உரிமத்தைக்கூடப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது தெரியவந்து, சரிசெய்யச் சொல்லியும் சரிசெய்யவில்லை என்பதற்காக.

மவுண்ட் எட்ஜ்கம் பக்கம் நம் முன்னோர் கரும்பு வெட்டிய நிலத்தில் இன்று வேலிக்குள் வேலியாகப் பங்களாக் குடியிருப்புகள். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அங்கே போனோம். வாசலில் காவலர் என் ஓட்டுநர் உரிமத்தை ஒரு கைக்கருவியால் வருடினார், பின்பக்கப் பட்டைக்கோட்டில் இருந்த பெயர், அடையாள எண் எல்லாம் பீப் என்ற சத்தத்தோடு எங்கேயோ போயிற்று. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? “எங்களுக்குச் சொல்லமாட்டாங்க சார்” என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தார். ஒரு காலத்தில் இதே நிலத்தைவிட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். தோட்ட முதலாளிமேல், கூலிகளின் குறைகேட்க டர்பனில் இருந்த காப்பாளர் அலுவலகத்தில் புகார் சொல்லப் போகிறவன்கூடச் சீட்டில்லாமல் நடந்தால் பிடித்துப் போடுவார்கள். 

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதிலிருந்து 1911வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பேரேட்டில் எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், கடைசியில் அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்கையில் மச்சம். ஓடிப்போனால் பிடிப்பதற்கு. டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகையோடு பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, 1908 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வாசலில் ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். காந்தியோடு அந்தப் போராட்டத்தில் முன்நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்த தமிழர். அன்றைக்கு எரிக்க ஒரு தாள் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், எரியாமல் மிஞ்சிய அந்தக் கப்பல் பேரேடுகளைத்தான் இன்று நம்மவர்கள் தேடித் தேடிப் படிக்கிறார்கள். பாட்டனின் ஊரைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கவும் அந்த எண்தான் கைகொடுக்கிறது.

ஆயா டீயோடு வந்தார். மூன்று வரிச் சீட்டைத் தூக்கிப் போடலாம், இனி தேவைப்படாது என்றேன். கேட்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கரண்டுச் சீட்டுகள், எழுத்து மங்கிப்போனவைகூட. அவற்றுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு நகல். அவருடைய தாத்தாவின் பேரேட்டு வரி. வட ஆற்காடு ஜில்லா, வயது 19, நெற்றியில் தழும்பு.

“எல்லாம் இருக்கட்டும் தம்பி. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா காட்டலாம்ல?”

டின்னை மூடி அலமாரியில் வைத்தார். கதவின் உள்பக்கம் மீட்டர் எண்ணின் 11 இலக்கத்தையும் பெரிய பெரியதாக எழுதி ஒட்டியிருந்தார்.